சூளை இழுத்த காற்று

மழை வருமா வராதா என்று போனைத் தடவிப் பார்க்கிறவனைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். தலைக்கு மேலே இவ்வளவு பெரிய வானம் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் உள்ளங்கைக்குள் குனிந்து, மட்டக்களப்புக்கு இன்றைக்கு வெயில் படம், நாளைக்கு முகில் படம் என்று வாசிக்கிறான். மட்டக்களப்பு என்ன ஒற்றைப் பாயா, ஒரே கொடியில் காயப்போட? கதிரவெளியில் மணல் பறக்கிற நேரம் வெல்லாவெளியில் மழை வரம்பை உடைக்கும். வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் எழும்புகிற எழுவான்கரையில் ரோட்டு நனைந்து கிடக்கும். இந்தப் பக்கம், சூரியன் படுகிற படுவான்கரையில், செங்கல் அறுக்கிற என் கல்வாடியில், தூசி அடங்காது. இது போனுக்குத் தெரியாது. போனைப் பார்க்கிறவனுக்கும் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பதினொரு வயதில் இன்னொருத்தன் வாடியில் களிமண் மிதித்தேன். இன்றைக்கு எனக்கு மூன்று வாடி, இரண்டு லொறி. படுவான்கரையில் எழும்பின நல்ல வீடுகளில் பாதிக்கு மேலே என் கல். ஒரு காலத்தில் என் தகப்பனை முற்றத்துக்கு வெளியே நிறுத்தி வைத்துப் பேசின வயல்காரப் போடியார் வீட்டு மதிலும் இப்போது என் கல்தான். அந்த மதிலைத் தாண்டும்போதெல்லாம் நான் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். நல்ல கல். சத்தம் கேட்டால் தெரியும்.

இவ்வளவும் வானத்தைப் பார்த்துச் சேர்த்தது. கல் அறுக்கிறவனுக்கு மழைதான் எமன். அச்சிலிருந்து இறக்கின பச்சைக்கல் பத்து நாளாவது காய வேண்டும். மறுகா சூளைக்குள் அடுக்கி, நெருப்பில் வேக வைக்கும் மட்டும் அது கல் இல்லை. கல் மாதிரி உருவம் காட்டுகிற மண். கால் மணி நேர மழை போதும், பத்து நாள் முதுகொடிந்த வேலை திரும்பவும் சேறாகிவிடும்.

காற்று என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது சூளை. சூளையின் அடியில் விறகு தள்ளுவதற்கு வாய் விட்டிருப்போம். நெருப்பு நன்றாகப் பிடித்ததும் அந்த வாய்க்கு முன்னால் ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். யாரும் ஊதாமலே உள்ளே ஓடும். உள்ளே சுட்ட காற்று இலேசாகி மேலே போகிறது. அது விட்டுப் போன இடத்துக்குள்ளே, பக்கத்தில் நின்ற குளிர்ந்த காற்று, பாரமான காற்று, தள்ளிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் காற்று. உலகத்தில் அடிக்கிற காற்றெல்லாம் இந்த ஒரு வேலைதான். வெயில் ஏற மண் கெதியாகச் சுடும், கடல் சுடாது. அதனால் மத்தியானத்துக்குப் பிறகு கடலில் இருந்து காற்று கரைக்கு ஏறும். இரவில் மண் கெதியாகக் குளிரும், காற்று மறுவளமாகக் கடலுக்கு இறங்கும். இந்த விசயத்தை விளங்க ஒருவனுக்குப் பட்டம் வேண்டுமா? நான் பல பேருக்கு அந்த இலை வித்தையைக் காட்டியிருக்கிறேன். பல பேர் இலையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்களை என்ன செய்வது?

காற்று என்றால் ஒன்றுமே இல்லை என்று ஒருவன் தேத்தண்ணிக் கடையில் என்னோடு வாதாடினான். வெளியே என் லொறி கல்லேற்றி நின்றது. "அந்தக் கல்லையெல்லாம் தாங்கி நிக்கிறது என்ன? ரப்பரா? உள்ளுக்குள்ள அடைச்ச காத்து. காத்து ஒண்டுமில்லையெண்டா ரயரக் கழட்டி வச்சிற்று ஓட்டிப் பாரு" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டான்.

படித்த ஆக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பெண்சாதியின் அண்ணன், என் வயதுதான், எழுவான்கரையில் இருக்கிறான். பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வெடுத்த வாத்தியார். வளிமண்டலம் என்று வாயெடுத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு மாறன் மண்டலம், படை மண்டலம், இடை மண்டலம் என்று கோயில் மந்திரம் மாதிரி அடுக்குவான். மழை, முகில், இடி எல்லாம் அடியில் கிடக்கிற அந்த முதல் மண்டலத்துக்குள்ளேதான் நடக்கிறது என்பான். அதற்குள் மேலே போகப் போகக் குளிரும் என்பான். சரிதான், ஒன்றும் பிழையில்லை. ஆனால் இதே மனிசன் ஒரே வருசத்தில் மூன்று தரம் மிளகாய் காயப்போட்டு, மூன்று தரமும் நனையவிட்டவன். "மச்சான், மிளகாய் எந்த மண்டலத்தில கிடந்தது?" என்று கேட்டேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

கச்சான் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி தொடங்கினால் மேற்கேயிருந்து அடிக்கிற அந்தச் சுடுகாற்று, காடு எரிகிறதால் வருகிறது என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிற ஆக்கள் இருக்கிறார்கள். நான் மலைநாட்டுக்கு லொறி ஓடின காலத்தில் கண்ணால் கண்டேன். ஒரு ஆனி மாதம். நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் மழை, குளிர், முன் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மூடுகிறது. மலை முடியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினால் கொஞ்சத் தூரத்தில் ரோட்டில் தூசி. அதே காற்று. மேற்குக் கடலில் குடித்ததையெல்லாம் அந்தச் சரிவில் ஏறும்போது கக்கிவிட்டு, வெறும் வயிற்றோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்க அமுங்கும், அமுங்க அமுங்கச் சுடும். சைக்கிள் பம்பை நாலு தரம் அமுக்கிப் பாருங்கள், அடி சுடும். அங்கே யார் நெருப்பு வைத்தது? அப்படிச் சுட்டு, மகாஓயாக் காட்டைத் தாண்டி எங்கள் நெற்றியில் வந்து அடிக்கிறது. தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற காற்று. என் பச்சைக்கல்லில் கிடக்கிற ஈரத்தை அதுதான் உறிஞ்சும். கச்சான் எனக்குக் கூலி வாங்காத வேலைக்காரன்.

உறிஞ்சின ஈரம் எங்கே போகிறது? காற்றுக்குள்ளேதான் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் அப்படியே நாள் முழுக்க மேலே போய்க்கொண்டிருக்கிறது. மேலே குளிர். குளிர்ந்த காற்றால் குடித்ததை வயிற்றில் வைத்திருக்க ஏலாது. சோற்றுப்பானை மூடியின் உள்பக்கம் துளி நிற்கிறதைக் காணாதவன் உண்டா? முகில் என்றால் அதுதான். அந்தத் துளி ஒன்றோடொன்று சேர்ந்து பாரமாகிவிட்டால் மழை. இதற்கு மேலே ஒரு மாயமும் இல்லை.

இனி நான் சொல்லப்போவது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, நானாகக் கண்டது. கச்சான் மாதங்களில் மேற்கேயிருந்து காய்ந்த காற்று வருகிறது. பின்னேரம் கிழக்கேயிருந்து ஈரக் கடற்காற்று வருகிறது. இரண்டும் எங்கேயாவது முட்டத்தானே வேண்டும்? முட்டுகிற இடத்தில் பக்கத்துக்குப் போக வழியில்லாமல் இரண்டும் மேலே எழும்பும். அங்கேதான் முகில் குவியும், இடி விழும். கச்சான் பலமாக அடித்தால் கடற்காற்று வாவியைத் தாண்டாது, முட்டுகிற இடம் கடற்கரையோடு நின்றுவிடும். கச்சான் சோர்ந்தால் கடற்காற்று உள்ளே ஓடும், முகில் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் குவியும். ஆகவே கச்சான் அடிக்கிறதா, எவ்வளவு அடிக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

அதற்காகவே வாடிக்குள் ஒரு மூங்கில் கம்பு நட்டு, நுனியில் ஒரு சிவப்புச் சீலைத் துண்டைக் கட்டியிருந்தேன். சூளைப் புகையை நான் நம்புவதில்லை. அது சூட்டில் காற்றையும் மீறி நேரே எழும்பும். சீலை பொய் சொல்லாது. சீலை கிழக்கே பறந்தால் கச்சான். மத்தியானம் தாண்டியும் அப்படியே பறந்தால் அன்றைக்கு என் வாடியில் மழை இல்லை. பல வருசம் இந்தச் சீலையைப் பார்த்துத்தான் மூடினேன், திறந்தேன், அடுக்கினேன். ஒரு கல்லும் கரையவில்லை. மற்ற வாடிக்காரன்கள் வந்து, "இண்டைக்கு எப்பிடி முதலாளி?" என்று கேட்டுப் போவார்கள். நான் போய் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இருந்ததில்லை.

போன வைகாசியில் நடந்தது இது.

என் வாடியில் பதினொரு வருசம் கல் அறுத்த ஒரு பொம்பிளை. புருசன் செத்து, ஒரு மகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறாள். கை நல்ல கை, வாய் கெட்ட வாய். திடீரென்று ஒரு நாள், "இனி எனக்கு அறுக்கப் போறன், முதலாளி" என்று அச்சை வைத்துவிட்டுப் போனாள். என் வாடிக்குப் பக்கத்து வளவுக்காரன் அவளுக்கு ஒரு பள்ளக் கிடங்கில் களி எடுக்க விட்டிருந்தான். ஒரே ஒரு வருசம். அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிய அந்தக் கிடங்கை மூடி வயலாக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் விட்டான். அந்தக் களியில் அவளும் மகளுமாக ஒரு வீட்டுக்கு வேண்டிய கல்லை அறுத்து முடித்துவிட்டார்கள். கிடங்கில் இனிக் களி இல்லை. இந்தக் கல் கரைந்தால் சேற்றை மிதித்துத் திரும்ப அறுக்கவும் குளிர்த்திக்கு முன்னம் நாள் போதாது. அவளுக்கு இரண்டாவது கல் இல்லை, வீடும் இல்லை. மகளும் அவளும் செத்த புருசன் போட்ட தகரத்துக்குக் கீழேதான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மாசியிலேயே தொடங்கு என்று சொன்னேன். கேட்கவில்லை. சித்திரையில் தொடங்கினாள். இருந்த தென்னோலைக் கிடுகையெல்லாம் கொட்டிலின் ஒழுக்குக்குப் போட்டுவிட்டாள். வீடில்லாதவள் வீட்டுக் கல்லை நனையவிட்டுக் கொட்டிலை மூடுகிறாள். புத்தியைப் பாருங்கள்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணி இருக்கும். என் புதுச் சூளை இரண்டாம் நாளாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வருசம்தான், லொறி திருப்ப வசதியென்று, அந்தச் சூளையைச் சீலைக் கம்புக்குக் கிழக்கே பத்தடி தள்ளிக் கட்டினோம். அவள் வேலியைத் தாண்டி வந்து நின்றாள்.

"முதலாளி, உங்கட தறப்பாள் நாலும் சும்மாதானே கிடக்கு. இண்டைக்கு ஒரு நாளைக்குத் தாங்க. நாளைக்குச் சூளைக்கு அடுக்கப் போறன்."

"என்னத்துக்கு?"

"மழை கிழை வந்தா மூட."

"கச்சானுக்குள்ள மழையா? ஆருகா உனக்குச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. குளிர்த்தி கிட்டுது. அம்மனுக்குக் குளிர்த்தி பாடுறதுக்கு முன்னம் பின்னம் ஒரு மழை பெய்யிறதுதானே."

குளிர்த்தி என்றால் கண்ணகை அம்மனின் சூடு தணியப் பாடித் தண்ணீர் தெளிக்கிற சடங்கு. அது வைகாசியில் வரும். வைகாசியில் பின்னேர இடிமழை எப்போதும் ஒன்றிரண்டு விழும். இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது ஊர். அம்மன் மேலே எனக்கும் பயம் உண்டு. ஆனால் அம்மனுக்கு வேறு வேலை இல்லையா?

"அங்க பாரு. சீலை எங்கால பறக்குது?" என்றேன்.

"கிழக்கால."

"அப்ப காத்து?"

"மேற்கால இருந்து. பதினொரு வருசம் பார்த்தனான்தானே."

"பார்த்து என்ன? மாடும்தான் பார்க்குது. இந்தச் சீலை இப்பிடிப் பறக்கிற நாளில இந்த மண்ணில ஒரு துளி விழுந்தா, நான் என்ட மீசையச் சிரைக்கிறன். போ, போய்க் கல்லுக்கு வெயில் காட்டு. தறப்பாளப் போட்டு மூடினா கல்லு வேர்க்கும்."

என் வேலைக்காரன்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் போகும்போது திரும்பி நின்று சொன்னாள்: "சரி, உங்கட பேச்சில போறன். சீலை பிழைச்சா நான் சீலையிட்ட வந்து நியாயம் கேக்க மாட்டன் முதலாளி. உங்களிட்டத்தான் வருவன்."

மத்தியானம் சீலை கிழக்கே பறந்தது. இரண்டு மணிக்கும் கிழக்கேதான். வானம் ஒரே சாம்பலாக மூடியிருந்தது, உண்மை. ஆனால் கருப்பு இல்லை. மேற்கே உன்னிச்சைப் பக்கம் தெளிவாக இருந்தது. வேலைக்காரன் ஒருவன், "வேக்காடா இருக்கு முதலாளி" என்றான். சூளைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேக்காடு இல்லாமல் பனியா கொட்டும் என்று ஏசினேன்.

அப்போதுதான் மச்சான் போன் எடுத்தான்.

"மச்சான்... வாடியில... மலை மாதிரி..."

சூளைக்குக் கிட்ட போன் ஒழுங்காகக் கேட்காது. ஏசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் இருநூறு அடி நடந்தேன்.

"என்ன, இப்பச் சொல்லு."

"உன்ட வாடிக்கு நேர் மேல ஒரு முகில் எழும்பி நிக்குது. வாவிக் கரையில நிண்டு பார்க்கிறன். பஞ்சுப் பொதிக்கு மேல பஞ்சுப் பொதி ஏத்தின மாதிரி. உச்சி தட்டையாப் படரத் தொடங்கிட்டு. கல்ல மூடு."

"நீ உன்ட மிளகாய எடுத்து உள்ள வை."

"மிளகாய் உள்ளதான் கிடக்கு. இந்த முறை நான் மேல பார்த்தனான். நீ பார்த்தியா?"

ஏச வாயெடுத்தபோதுதான் கவனித்தேன், அந்த இடத்தில் காற்றே இல்லை. வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்த பொலித்தீன் துண்டு செத்த பல்லி மாதிரித் தொங்கியது. என் முதுகில் வேர்வை ஒழுகியது, காயவில்லை. பக்கத்து வளவில் அவள் தேத்தண்ணிக்கு மூட்டின அடுப்பின் புகை, குத்தி நட்ட கம்பு மாதிரி நேரே மேலே போனது. திரும்பி என் வாடியைப் பார்த்தேன். சீலை கிழக்கே பறந்துகொண்டிருந்தது.

எனக்கு விளங்கியது. விளங்கினபோது என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அந்தச் சீலையைப் பறக்கவிட்டது கச்சான் இல்லை. சூளை. இரண்டு நாளாக எரிகிற சூளை தன்னைச் சுற்றி நிற்கிற காற்றை நாலு பக்கமும் இழுக்கிறது. மேற்கே பத்தடியில் கட்டின சீலை வேறு எங்கே பறக்கும்? சூளையைப் பார்த்துத்தான் பறக்கும். காலையில் கச்சானும் இருந்திருக்கும். அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. சூளை மறைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் காய்ந்த இலையைப் போட்டு வித்தை காட்டின நான், அதே வித்தையை ஒரு சீலையில் கண்டு, ஒரு நாள் முழுக்க ஏமாந்து நின்றிருக்கிறேன். மிளகாய் நனையவிட்டவனைப் பார்த்துச் சிரித்த வாய் இது.

கச்சான் விழுந்து, கடற்காற்று வாவியைத் தாண்டி, இரண்டும் என் தலைக்கு மேலேயே முட்டி நிற்கின்றன. முட்டுகிற இடத்தில்தான் நிலத்தில் காற்று இருக்காது. எல்லாம் மேலே போகிறது. தலைக்கு நேரே நிற்கிற முகிலின் உயரம் கீழே நிற்கிறவனுக்குத் தெரியவும் தெரியாது. மலையின் அடியில் படுத்துக்கொண்டு மலையைத் தேடுகிற மாதிரி. வாவிக்கு அந்தப் பக்கம் நின்ற வாத்தியாருக்குத் தெரிந்தது, எனக்குச் சாம்பல் கூரைதான் தெரிந்தது.

வாடிக்கு ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் ஓடினேன். என் பச்சைக்கல் வாடி முழுக்கப் பரந்து கிடந்தது. நாலு தறப்பாள் அதற்கு எந்த மூலைக்கு? பத்தில் ஒரு பங்கும் மூடாது. அவளுடைய கல் ஓரிடத்தில் அடுக்கி நின்றது, நாலு தறப்பாளுக்கு அளவெடுத்த மாதிரி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பேச்சை நம்பிக் கரைந்த கல் என்று ஒன்று இந்தப் படுவான்கரையில் கிடக்கக் கூடாது. அவளுக்கு இருக்கிற வாய்க்கு, வெல்லாவெளி வரைக்கும் கதை போகும்.

தறப்பாளை ஆள் மாறி ஆள் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டினோம். அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பினாள்.

"என்ன முதலாளி இது?"

"உன்ட கல்ல மூடு."

"மழை வராதெண்டீங்க."

"மழை வராதுதான். தூசி படும்."

"தூசிக்கா இந்த ஓட்டம் ஓடி வாறீங்க?"

"வாய மூடிற்றுக் கல்ல மூடுகா!"

அவள் ஒரு முறை மேலே பார்த்தாள். மறுகா கோப்பையை எறிந்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். மூன்று தறப்பாள் போட்டு நாலாவதை விரிக்கும்போது அந்தக் குளிர்காற்று வந்தது. மழைக்கு முன்னால் வருகிறதே, நெஞ்சில் பனி வைத்த மாதிரி, அது. மேலே குளிர்ந்த காற்று மழைப் பாரத்தோடு கீழே விழுந்து, நிலத்தில் மோதி, நாலு பக்கமும் சிதறுகிற காற்று அது. தறப்பாள் தோணிப் பாய் மாதிரி உப்பியது. பாரத்துக்குக் கட்டை தேட நேரமில்லை. ஆளுக்கொரு மூலையில் ஏறி இருந்தோம். நான் ஒரு மூலை, அவள் எதிர் மூலை, மகளும் வேலைக்காரன்களும் மற்ற மூலைகளில். மூன்று வாடிக்குச் சொந்தக்காரன், இன்னொருத்தியின் கல்லுக்குப் பாரமாக இருந்தேன்.

மழை என்றால் அப்படி ஒரு மழை. வாய் திறந்தால் தண்ணீர். இடி எங்கள் மடியில் விழுகிற மாதிரி.

"முதலாளி!" அவள் கத்தினாள். "தூசி பலமாப் படுது!"

"மூலைய விடாத!"

"மீசைக்கு ஆரிட்டக் கத்தி வாங்கிறீங்க?"

அந்த இடிக்குள்ளும் என் வேலைக்காரன் ஒருவன் சிரித்தது எனக்குக் கேட்டது. அவனை இன்னும் வேலையில் வைத்திருக்கிறேன். அது என் பெருந்தன்மை.

அரை மணி நேரத்தில் விட்டது. முகில் தன் தண்ணீரைக் கொட்டி, குளிர்ந்த காற்றால் தன் அடியையே அறுத்துக்கொண்டு, கரைந்து போனது. அவள் தறப்பாளின் ஒரு மூலையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, ஒரு கல்லில் நகத்தால் கீறிப் பார்த்தாள். இன்னொன்றை. அடி வரியில் ஒரு பக்கம் தண்ணீர் ஓடிக் கொஞ்சம் கரைந்திருந்தது. மற்றதெல்லாம் காய்ந்த கல். கீறின நகத்தை அவள் தன் சீலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்துத் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

என் வாடியில் சூளைக்கு மோசமில்லை, அதற்கு மேலே களி மெழுகியிருந்தது. பச்சைக்கல் எல்லாம் போய்விட்டது. வரிசை வரிசையாக நின்ற இடத்தில், வரிசை வரிசையாகச் சேறு.

"உங்கட கல்லு?" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"மண்தானே. மறுகா அறுப்பன். எனக்கென்ன, கிடங்கு நிறையக் களி கிடக்கு."

அடுத்த நாள் விடிய வாடிக்குப் போனால், அவள் என் சேற்றுக்குள் நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். மகளும்.

"உனக்குச் சூளை அடுக்கிற வேலை இல்லையா?"

"நிலம் ஈரம். ரெண்டு நாள் காயோணும். அதுவரைக்கும் சும்மா இருக்கிறதா?"

"நான் கூப்பிடல்ல."

"நானும் கேக்கல்ல."

இரண்டு நாள் மிதித்தாள், அறுத்தாள். ஒரு சொல் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன். மூன்றாம் நாள் தன் சூளையை அடுக்கினாள். குளிர்த்திக்கு முன்னமே நெருப்பு வைத்தாள். நல்லாய் வெந்தது. என் வாடியில் பதினொரு வருசம் பழகின கை, வேகாமல் என்ன செய்யும்? குளிர்த்தி முடிய வளவுக்காரன் கிடங்கை மூடினான்.

வீடு கட்டத் தொடங்கினபோது, ஜன்னல் எங்கே வைக்கிறது என்று அவள் மேசனிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். மேசனுக்கு என்ன தெரியும்? நானே போனேன். கிழக்குச் சுவரில் பெரிதாக ஒன்று வை, கடற்காற்று நுழையும், மேற்கே முகட்டோடு ஒட்டிச் சின்னதாக ஒரு துவாரம் விடு, சுட்ட காற்று மேலே எழும்பி அதால் போய்விடும், வீடு குளிர்ந்து கிடக்கும் என்று நிலத்தில் கீறிக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள்.

இப்போது கூரையும் போட்டாயிற்று, குடியும் புகுந்தாயிற்று. ஜன்னல் இரண்டையும் தெற்கே, ரோட்டைப் பார்க்க வைத்திருக்கிறாள். போகிற வருகிற ஆக்களைப் பார்க்க வேண்டுமாம். மத்தியானத்தில் அந்த வீட்டுக்குள் போய் இருந்து பாருங்கள், பாண் சுடுகிற போறணைக்குள் இருக்கிற மாதிரி. அவள் அந்த வேக்காட்டுக்குள் கதிரையைப் போட்டு, ஜன்னலோடு இருந்து, என் லொறி போகும்போது கையைக் காட்டுகிறாள்.